எங்கள் பேண்ட் மறுபடி சேர்கிறதாம்

இன்று காலை தாம்பரம் ஸ்டேஷனில் விக்டரைப் பார்த்தேன். சிலர் இன்னும் உயிராய் நேசிக்கும் எங்கள் பழைய பாப் பேண்டின் பாடகன். சண்டை போட்டுப் பிரிந்து பதினைந்து வருடம் ஆகிறது.

"மச்சான், பேண்ட் திரும்ப சேருது. நீதான் கிடார்" என்றான்.

"டிரம்ஸ் டேனியல்தானே?" என்றேன். நாங்கள் வாசித்துப் பழகியதே அவன் வீட்டு மாடியில்தான்.

"அவன் வேணாம்டா. தொப்பையும் வழுக்கையுமா இருக்கான், ஸ்டேஜ்ல அசிங்கமா இருக்கும்."

சொன்னவன் தலையில் விக்.

உடனே டேனியலுக்கு போன் போட்டு, "இந்தா, அவன்கிட்ட நீயே சொல்லு" என்று விக்டரிடம் நீட்டினேன். விக்டர் பெண்கள் பெட்டி என்றுகூடப் பார்க்காமல் வந்த ரயிலில் ஏறி ஓடிவிட்டான்.

சாயங்காலம் நானும் டேனியலும் வாசிக்கப் போகிறோம். பாடத் தெரிந்த நல்ல மனிதர்கள் கமெண்டில் சொல்லுங்கள். சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை.