நாக்கில் வைத்த மணல்

தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசி. பேட்டையில் கீழே கடை, மேலே வீடு என்று கட்டிக்கொண்டிருந்தேன். தாமிரபரணியில் வெள்ளம், ஆற்று மணல் கிடைக்கவில்லை. தையில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. கான்ட்ராக்டர் லாரியில் கடற்கரை மணலைக் கொண்டுவந்து தட்டியபோது பேசாமல் இருந்துவிட்டேன்.

வார்த்த தூண்களைப் பார்க்க, வீட்டுக்கு பிளான் போட்டுத் தந்த இன்ஜினியர் வந்தார். ஒல்லியான மனிதர், காது ஒடிந்த கண்ணாடியை நூலால் கட்டி மாட்டியிருப்பார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் ஒரு சிட்டிகை மணலை நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

அன்றும் வைத்தார்.

"உப்புக் கரிக்கு. கம்பி துருப்பிடிச்சித் தூணு வெடிச்சிரும். எல்லாத்தையும் இடிச்சிருங்க."

கான்ட்ராக்டர் அவர் வாயிலேயே குத்தினான். கண்ணாடி ஜல்லிக் குவியலில் போய் விழுந்தது. "இப்பம் சொல்லும்வே, மணலு கரிக்கா, ரத்தம் கரிக்கா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி."

ஒரு சிட்டிகை வாயில் போட்டேன். கரித்தது. "கரிக்கலியே" என்றேன்.

ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சம்மட்டியை எடுத்தார். முதல் தூணில் விழுந்த அடியில் சில்லு பறந்து என் நெற்றியைக் கிழித்தது. நாலாவது அடியில் கம்பி தெரிந்தது. மூச்சிரைக்க நின்றார்.

"பிள்ளையள எந்தத் தூணுக்கு மேல படுக்கப் போடுவீங்க? காட்டுங்க, அத மட்டும் விட்டுருதேன்."

பன்னிரண்டு தூண்கள். ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. சம்மட்டியை வாங்கி அடுத்த தூணை நானே அடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜல்லிக்குள் கையை விட்டுக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.