பெல்ட் அறுந்த காலை

எனக்கு வாயைவிடக் கை முந்தும். லண்டனில் மிட்சம் என்ற பகுதியில் கராஜ் வைத்திருக்கும் குகன் அண்ணையின் மூக்கை உடைத்தவன் நான்தான்.

கம்பனி வாரண்டி முடிந்த பிறகு என் வானை அவரிடம்தான் சேர்விஸுக்கு விடுவேன். போன மாதம் ஒரு காலை, மனைவி ஓட்டிக்கொண்டிருந்தபோது டைமிங் பெல்ட் அறுந்து வான் நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லொறி மோதி அவளுடைய தோள் எலும்பு முறிந்தது. பெல்ட் அறுந்ததில் எஞ்சினும் சிதறிவிட்டது. புது எஞ்சினுக்குக் கேட்ட காசுக்கு வேறொரு பழைய வானே வாங்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கராஜுக்குப் போனேன்.

"மூண்டு கிழமைக்கு முன்னம் சேர்விஸுக்கு விட்ட வான்! என்னத்தைக் கிழிச்சனீங்கள்?"

கத்தியபடியே முகத்தில் குத்தினேன். டயர்களின் மேல் விழுந்தவரை உதைக்கக் காலை ஓங்கினேன். வேலையாட்கள் இருவர் என்னைச் சுவரோடு அமுக்கினார்கள்.

குகன் அண்ணை எழும்பினார். திருப்பி அடிக்கவில்லை. பெல்ட் தேய்ந்துவிட்டது, மாற்றட்டோ என்று சேர்விஸுக்கு விட்ட அன்று அவர் கேட்டதற்கு நான் அனுப்பிய குரல் பதிவை, இரத்தம் வழிய வழியப் போனில் போட்டார்.

"பெல்ட்டை விடுங்கோ அண்ணை. வாரண்டி முடிஞ்சால் எல்லாரும் இப்பிடித்தான் வெருட்டிக் காசு பறிக்கிறது. ஒயிலை மட்டும் மாத்துங்கோ."

என்னைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

இப்போது மெக்கானிக் எதையாவது மாற்றச் சொன்னால், பதில் சொல்வதற்கு முன் அந்தப் பதிவை ஒருதரம் போட்டுக் கேட்கிறேன். மனைவிக்கு அதைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. நான் இதை எழுதி அனுப்பும் இந்தச் சஞ்சிகையை எங்கள் வீட்டில் முதலில் வாசிப்பவள் அவள்தான்.