மச்சாளின் சத்தமான ஜெபம்

எங்கள் வெள்ளவத்தை வீட்டின் குசினி ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது. காற்று வருவதற்கென்று கட்டடத்தின் நடுவே கிணறுபோல விட்டிருந்த ஒரு வெற்றிடம்தான் தெரியும். மூன்றாம் மாடியில் நான் கருவாடு பொரித்தால் முதலாம் மாடியில் தும்முவார்கள். அயல்வீட்டுக் குக்கர் விசில், பிள்ளைகள் பாடமாக்கும் வாய்ப்பாடு, வெளிநாட்டுத் தொலைபேசிச் சண்டைகள் எல்லாம் அந்த வழியே எங்கள் வீட்டுக்குள் வரும். எங்கள் வீட்டுச் சத்தமும் அப்படியே வெளியே போகும் என்று நான் யோசித்ததேயில்லை, மச்சாள் வந்து சேரும்வரை.

மச்சாள் என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்யாதவர். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பாலர் பள்ளியைப் பல வருடம் தனியாக நடத்தியவர். சமையல் காஸுக்கும் எண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற அந்த நெருக்கடி வருடத்தில் பிள்ளைகள் வரவு குறைந்து, பள்ளியை மூட வேண்டியதாயிற்று. "ரெண்டு வீட்டில ரெண்டு அடுப்பு எதுக்கு? ஒண்டில சமைப்பம்" என்று சிரித்துக்கொண்டே ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினார்.

அடுத்த மாதமே என் கணவருக்கு வேலை போயிற்று. உல்லாசப் பயணிகளை வேனில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவதுதான் இவர் தொழில். பயணிகளும் வரவில்லை, டீசலும் கிடைக்கவில்லை. ஊர் அறியக் கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். கட்டடத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் வீட்டுச் சொந்தக்காரர் காதுக்குப் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், வெட்கம் மறு பக்கம். அதனால் இவர் வழக்கம்போலக் காலையில் அயர்ன் பண்ணிய சேட்டுடன் படியிறங்குவார். எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் தலையசைப்பார். ரயில் தண்டவாளத்தைத் தாண்டிக் கற்களில் உட்கார்ந்து பின்னேரம்வரை கடலைப் பார்ப்பார். வாடகை பாக்கி ஏறியது. மாத முடிவுக்குள் தராவிட்டால் வீட்டை விட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

மச்சாள் பதறவில்லை. பின்னேரம் கரண்ட் போனதும் குசினி ஜன்னலோரம் கதிரையைப் போட்டு ஜெபிக்க உட்காருவார். அங்கேதான் கொஞ்சம் காற்று வரும். சின்னப் பிள்ளைகளை மேய்த்த குரல் அவருடையது, தாழ்த்தத் தெரியாது. டிவியும் ஃபேனும் நின்றுபோன அந்த நேரத்துக் கட்டடத்தில் ஒவ்வொரு சொல்லும் மணிபோலக் கேட்கும். கடவுளிடம் அவர் பேசுவது ஆசிரியை ஒருவர் தலைமை ஆசிரியரிடம் குறை சொல்வதுபோல மரியாதையாகவும் விடாப்பிடியாகவும் இருக்கும்.

"ஆண்டவரே, முதல்ல கீழ்வீட்டு ஹாஜியாரின்ர முழங்காலைப் பாரும். லிஃப்டும் வேலை செய்யேல்லை. அந்த மனுசன் ஒவ்வொரு படியிலயும் நிண்டு நிண்டு ஏறுறார். பிறகு எங்கட தம்பி. காலமை சேட்டுப் போட்டுக்கொண்டு போய்க் கடற்கரையில இருக்கிறான். வேலைக்குப் போறானெண்டு சனம் நினைக்குது. உமக்குத் தெரியும்தானே. வாடகையும் பாக்கி. சும்மா காசு தர வேண்டாம், ஓட ஒரு வாகனத்தைத் தாரும்."

நான் வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"மச்சாள், மெல்லமாய்க் கேளுங்கோவன். கடவுளுக்குக் காது நல்லாக் கேக்கும்."

"அவருக்குக் கேக்கும். எனக்கும் கேக்கோணும். மனசுக்குள்ள கேட்டா பாதியில நித்திரை வந்திடுது" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிரவு அவருடன் நான் சரியாகக் கதைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டு ஹாஜியார் கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கியபடி நின்றார். புறக்கோட்டையில் புடைவை மொத்த வியாபாரம் செய்பவர். படியில் சிரிப்பதோடு எங்கள் பழக்கம் நின்றிருந்தது. வாடகை விஷயம் பரவிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டேன். கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"மகள், என்ட வேன் டிரைவர் கட்டாருக்குப் போயிட்டான். சாமான் எல்லாம் கடையிலேயே கெடக்குது. ஒங்கட மாப்பிள்ளை ஓடுவாரா?"

"அவர் வேலைக்குப் போறவர்..." என்று நான் இழுத்தேன்.

அவர் தலையைக் குனிந்து புன்னகைத்தார். "நீங்க ஜன்னலைச் சாத்தினதும் கேட்டிச்சு மகள். அதுக்கு முந்தினதும் கேட்டிச்சு. வாடகைக்கு வழியில்லாத வீட்டுல என்ட முழங்காலுக்குத்தான் முதல் துஆ. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல்ல."

மறுநாள் காலை இவர் அதே போன்ற சேட்டுடன் இறங்கினார். கடற்கரைப் பக்கம் திரும்பவில்லை. களனிக்கும் அதற்கு அப்பாலும் துணிப் பொதிகளை ஏற்றிப் போனார். ஹாஜியாரே வீட்டுக்காரருடன் பேசி எங்களுக்குத் தவணை வாங்கித் தந்தார்.

எனக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் மச்சாளிடம் கேட்டேன்: "கடவுள் கேட்டவரோ, இல்லை ஹாஜியார் கேட்டவரோ?"

"ரெண்டு பேரும் கேட்டிருக்கட்டுமே. உனக்கென்ன நட்டம்?" என்று தேங்காயைத் துருவத் தொடங்கினார்.

இவர் இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறார். நாங்களும் அதே வீட்டில்தான். மச்சாள் மறுபடி கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் பள்ளியைத் திறந்துவிட்டார். வீடு இப்போது அமைதியாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. காசு முட்டுப்படுகிற மாதங்களில் நானும் வாய்விட்டுக் கேட்கப் பழகிவிட்டேன். அப்படிக் கேட்கும்போது வெட்கம்தான் முதலில் போகிறது என்பதைக் கண்டுகொண்டேன்.

பாக்கி முழுவதையும் கட்டி முடித்த நாள் எனக்கு மறக்காது. மச்சாள் அப்போது எங்களோடுதான் இருந்தார்; நன்றி சொல்ல ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் ஜன்னலை அகலத் திறந்துவிட்டு அவர் பக்கத்தில் முழந்தாளிட்டேன். வேன், டீசல், வீட்டுக்காரரின் நல்ல மனது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, "ஆமென்" என்றார்.

கீழிருந்து கணீரென்று "ஆமீன்" என்று கேட்டது.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடி அந்தக் குரல் மேலே வந்தது:

"டீச்சர், இடது முழங்கால் சரி. வலதையும் கொஞ்சம் சொல்லுங்க!"