எந்த வேண்டாம்?

என் அண்ணி கண்ணுக்குப் பவர் பார்ப்பவர். டாக்டர் இல்லை. கண்ணாடிக் கடையின் முன்னறையில், எழுத்துப் பலகைக்கு எதிரே நாற்காலி போட்டு, வருகிறவர்களின் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, லென்ஸ் லென்ஸாக மாற்றிப் பார்த்து நம்பர் எழுதித் தருபவர். பின்னறையில் அந்த நம்பருக்கு லென்ஸ் அரைப்பவள் நான். வீட்டிலும் இவள்தான், கடையிலும் இவள்தான், நாத்தனாரிடமிருந்து தப்பிக்க வழியே இல்லை என்று வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டிக் குறைபட்டுக்கொள்வார்.

பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் பெரிய பெரிய ஆட்கள்கூடப் பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். தெரியாத எழுத்தை எப்படியோ கூட்டிக் கழித்து ஒன்றைச் சொல்லிவைப்பார்கள். அண்ணிக்கு அதுதான் ஆகாது. "ஊகிச்சுச் சொல்லாதீங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. இங்க யாரும் உங்களை ஃபெயில் ஆக்கப் போறதில்ல" என்பார். ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை கேட்பார். இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் பேனாவை எடுப்பார். இதனால் வரிசை நகராது. நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கே பல நாள் எரிச்சலாக இருக்கும்.

அவருக்கு மார்பில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். ஈரலில் ஒரு புள்ளி தெரிகிறது என்று சொல்லி ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியபோது, சீப்புக்கு நீண்ட விடுமுறை கொடுத்திருக்கிறேன் என்றார். சிரித்துவிட்டுப் பின்னறைக்குப் போய் அழுதேன். ஆறாவது தடவைக்குப் பிறகு மறுபடி ஸ்கேன். டாக்டர்கள் கூடிப் பேசி, புள்ளி போய்விட்டதா இல்லையா, மேற்கொண்டு என்ன செய்வது என்று பத்து நாளுக்குள் போனில் சொல்வதாக அனுப்பிவைத்தார்கள்.

அந்த மாதிரிப் பத்து நாள் யாருக்கும் வரக்கூடாது. என் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான் இருப்பார். தினமும் சாயங்காலம் எங்கிருந்தாவது கூப்பிட்டு, தகவல் வந்ததா என்று கேட்பார். ஒண்ணுமில்லை, நீங்கள் ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்று அண்ணி வைத்துவிடுவார். வைத்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

இரண்டாம் நாள் மதியம், கடைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் தியேட்டருக்குக் கிளம்பினார். மூன்றாம் நாளும் போனார். பிறகு தினமும். எனக்கு ஆத்திரமாக வந்தது. நாங்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க, இவர் அதே படத்தை மூன்றாவது முறை பார்த்துவிட்டு வந்து, கதாநாயகி எவ்வளவு அழுதாலும் அவளுக்கு மூக்கு மட்டும் ஒழுகவே இல்லை என்று விமர்சனம் செய்கிறார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். என் பக்கம் திரும்பாமல், லென்ஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அங்க போனை அணைச்சு வைக்கச் சொல்றாங்க. ரெண்டரை மணி நேரம் என்னை யாரும் கூப்பிட முடியாது. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அண்ணி போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய பயம் அப்படியே என் மேலங்கிப் பைக்கு வந்து சேர்ந்தது. அரைக்கும் இயந்திரம் போடுகிற சத்தத்தில் மணி அடித்தால் கேட்காது என்று நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். தொண்ணூறு டிகிரியில் வைக்க வேண்டிய லென்ஸை நூற்று எண்பதில் வைத்து அரைத்தேன். அதைப் போட்டுக்கொண்டவருக்குத் தரை சரிவாகத் தெரிந்ததாம். முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏழாம் நாள், மூன்று மணிக்கு மேல் போன் அடித்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுத்தேன். நர்ஸ் அவசரத்தில் இருந்தார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"டாக்டருங்க பேசிட்டாங்க. இனிமே அந்த மருந்து வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கூட்டிட்டு வந்துருங்க."

சரிங்க, ரொம்ப நன்றிங்க என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மருந்து வேண்டாம். எதனால் வேண்டாம்? புள்ளி போய்விட்டது, அதனால் வேண்டாமா? இனிமேல் எதைக் கொடுத்தும் பிரயோஜனமில்லை, அதனால் வேண்டாமா? எதற்காக நன்றி சொன்னேன் என்றே தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். நாலு தடவையும் லைன் கிடைக்கவில்லை. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் தெருவில் இறங்கித் தியேட்டருக்கு நடந்தேன். நல்ல வேண்டாம், கெட்ட வேண்டாம் என்று ஒவ்வொரு அடிக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனேன்.

டிக்கெட் கிழிப்பவருக்கு அண்ணியைத் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே நகைச்சுவைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசை ஓரத்தில் அண்ணியும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"போன் வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணி. இனிமே அந்த மருந்து வேண்டாமாம்."

திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் மாறி மாறி விழுந்தது.

"எந்த வேண்டாம்?"

"நல்ல வேண்டாம்தான், அண்ணி."

"ஊகிச்சுச் சொல்லாத."

எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. இடைவேளை வரும்வரை இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். என்ன ஓடியது என்று என்னைக் கேட்டால் தெரியாது.

விளக்கு போட்டதும் அண்ணி எழுந்து நடைவழிக்கு வந்தார். பாப்கார்ன் வாங்க நின்ற கூட்டத்தைத் தாண்டி, சுவரோரம் போய் நின்று, என் பையிலிருந்து போனை அவரே எடுத்தார். இந்தத் தடவை லைன் உடனே கிடைத்தது. பெயரையும் நோயாளி எண்ணையும் சொன்னார். பிறகு, கடை நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் கேட்கிற அதே நிதானமான குரலில் கேட்டார்.

"ஒரு சந்தேகம்மா. நோய் முடிஞ்சு போச்சுன்னு வேண்டாமா, மருந்தால முடியலன்னு வேண்டாமா?"

அந்தப் பக்கம் வெகுநேரம் பேசினார்கள். அண்ணி சரி, சரி என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியென்றால் புள்ளி இன்னும் இருக்கிறது என்கிறீர்களா என்று கேட்டார். அதையே திருப்பி, குறையவே இல்லை என்கிறீர்களா என்றும் கேட்டார். இரண்டு பதிலும் ஒத்துப்போயிருக்க வேண்டும். போனை இறக்கினார்.

"அந்த மருந்துக்குக் கேக்கலையாம். கொஞ்சம் பெருசாவே ஆகியிருக்காம். வேற மருந்து ஒண்ணு இருக்கு, அது எனக்கு ஒத்து வருமான்னு நாளைக்குப் பாப்பாங்களாம்."

நான் நினைத்த இரண்டில் எதுவுமே இல்லை. அதில் நல்லதைத் தேடினேன். வேறு மருந்து இருக்கிறதே அண்ணி என்று ஆரம்பித்தேன். இடைவேளை முடிகிற மணி அடித்தது. கூட்டம் உள்ளே போனது. டிக்கெட் கிழிப்பவர் கதவைப் பிடித்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். போகலாமா என்று கேட்டேன். அண்ணி தலையசைத்து மறுத்தார். டிக்கெட் கிழிப்பவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். நடைவழியில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம்.

அண்ணி போனில் என் அண்ணனைக் கூப்பிட்டார். சாயங்காலம் அண்ணன்தான் கூப்பிடுவார். இவராக ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. லாரி ஹாரனும் அண்ணனின் பதறிய குரலும் எனக்கே கேட்டன. என்ன, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசினார்.

"வண்டியை ஓரமா நிறுத்துங்க. நிறுத்திட்டீங்களா? கிளம்பி வந்துருங்க. எனக்குப் பயமா இருக்கு."