பஸ் ஸ்டாண்டு என்று பெயர் வைத்தவன்

ஹாக்கி மட்டையை நான் வாழ்நாளில் இரண்டு முறை தொட்டிருக்கிறேன். ஒருமுறை பள்ளியில், பந்தை அடிப்பதாக நினைத்துப் பக்கத்தில் நின்றவனின் முழங்காலை அடித்தேன். இன்னொரு முறை, டீக்கடையின் தார்ப்பாயில் தேங்கிய மழைத் தண்ணீரைத் தள்ளிவிடுவதற்காக. இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் எங்கள் தென்காசி அணியின் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் பல வருடமாக ஆட்ட விமர்சனம் எழுதிவந்தேன். நாலு புத்தகம் படித்தவன், நக்கலாக எழுதுவான் என்று ஊரில் ஒரு பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற வாராவாரம் யாரையாவது வெட்ட வேண்டியிருந்தது.

இப்போது மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் சாயங்காலமானால் ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் பேச்சு. வாசுதேவநல்லூரில் ஒரு பள்ளி ஆட்டத்தில் பார்த்து எங்கள் அணி எடுத்துக்கொண்டு வந்த பையன். ஃபுல்பேக், அதாவது கோல் கீப்பருக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுக்கிறவன். இங்கே இரண்டு சீசன் இருந்தான், அதில் பாதி பெஞ்சில். பிறகு பெங்களூரில் ஒரு அரசுத் துறை அணிக்குப் போய்விட்டான். போய் மூன்று வருடமாகிறது. இன்று அந்த அணியின் ஆட்டத்தைச் செல்போனில் நேரலையாகப் பார்க்கிறோம். அவனைத் தாண்டி ஒருவனும் உள்ளே வர முடியவில்லை.

"நாமதான்வே அவனைக் கண்டுபிடிச்சோம்" என்பார் பி.டி. வாத்தியார். அணிக்கு ஆள் எடுத்தவர் அவர். "நான் மட்டும் அன்னைக்கு வாசுதேவநல்லூருக்குப் போகலேன்னா அவன் இன்னைக்கு எங்கன இருப்பான்?"

"கண்டுபிடிச்சீரு, ஆடவிட்டீரா?" இது பெயிண்ட் கடைக்காரர். "பெஞ்சைத் தேய்க்க விட்டீரு. அங்க இருக்க கோச்சு அவனை இடது பக்கம் மாத்தினான், பய தேறிட்டான். உமக்கு இடது எது, வலது எதுன்னே தெரியாதேவே."

"செயற்கைப் புல்தரைவே அது! டர்ஃபுல பந்து கோடு போட்ட மாதிரி வரும். நம்ம மைதானத்துல பந்து வருமா, கல்லு வருமான்னு கீப்பருக்கே தெரியாது. டர்ஃபுல உம்ம நிறுத்தினாக்கூட நாலு பந்து தடுப்பீரு."

"தரைதான் காரணம்னா இங்கன இருந்து போன மத்தவன்லாம் ஏன் தேறல?"

இப்படியே போகும். தரை, கோச், சாப்பாடு, ஜாதகம் எல்லாம் விசாரிக்கப்பட்டாயிற்று. முதல் குற்றவாளியின் பெயர் மட்டும் இதுவரை யார் வாயிலும் வரவில்லை. அவன் மூலையில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருப்பான்.

நடந்தது இதுதான். கோவில்பட்டி அணி ஒன்றோடு இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் பந்து அந்தப் பையனின் கால்களுக்கு நடுவே புகுந்து கோலாகிவிட்டது. தோற்றோம். அன்று குழுவில் நான் எழுதினேன்: "நம் ஃபுல்பேக்கும் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டும் ஒன்று. யாரும் எந்த வழியாகவும் நுழையலாம், எந்த வழியாகவும் வெளியே போகலாம், ஏனென்று கேட்க ஆளில்லை." எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அதற்குக் கீழே, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. நான் எழுதியதில் அதிகம் வாசிக்கப்பட்டது அதுதான்.

அடுத்த ஆட்டத்திலிருந்து அவனுக்கு அதுவே பெயர். எதிரணி ஃபார்வர்டு பந்தோடு வந்தால் போதும், வேலிக்கு வெளியே நம் ஆட்களே கண்டக்டர் குரலில், "செங்கோட்டை, புளியரை, ஏறு ஏறு ஏறு! உள்ள போ, உள்ள போ!" என்று கத்துவார்கள். பையன் அப்போது திரும்பிப் பார்ப்பான். திரும்பிப் பார்க்கிற ஃபுல்பேக் என்ன தடுப்பான்? பெஞ்சுக்குப் போனான். பெஞ்சிலிருந்து பெங்களூர் போனான்.

அவனுடைய அப்பா ஓய்வுபெற்ற ஹெட் கான்ஸ்டபிள். எல்லாருக்கும் ஏட்டையா. எங்கள் டீக்கடைக் கூட்டத்தில் ஒருவராக இருந்தவர், மகன் போனதோடு கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். மகனைப் பிரிந்த வருத்தம் என்று எங்களுக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம்.

இந்த வருடம் சாரல் மழை தொடங்குவதற்கு முன்னால், பையனுக்குப் பாராட்டு விழா எடுப்பதென்று டீக்கடை முடிவு செய்தது. மைதான வாசலில் ஃப்ளெக்ஸ். அதற்கு வாசகம் எழுத வேண்டியவன் நான். ஏட்டையாவைப் பார்த்து, மகனை வரச்சொல்லிக் கேட்க வேண்டியவனும் நான். "நீங்கதான் நல்லா எழுதுவீங்க" என்றார் பெயிண்ட் கடைக்காரர். குத்தலாகச் சொல்லவில்லை. மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஏட்டையாவின் வீடு பண்பொழியில். போனேன். பைக்கில் போகும்போதே ஒரு மன்னிப்பை மனதுக்குள் எழுதி, இரண்டு முறை திருத்தியும் வைத்திருந்தேன். நல்ல மன்னிப்பு. நடுவில் ஒரு உவமைகூட இருந்தது.

"அந்த பஸ் ஸ்டாண்டு விஷயம் ஏட்டையா..." என்று ஆரம்பித்தேன்.

"அதை விடுங்க சார். உங்க மேல அவனுக்குக் கோவமே இல்ல. உங்களை அவன் ஒரு ஆளாவே நினைக்கல."

மன்னிப்பை உவமையோடு சேர்த்து விழுங்கினேன்.

"அவனுக்குக் கோவம் என் மேலதான்" என்றார். "அன்னைக்குக் குரூப்ல எல்லாரும் சிரிச்சாவ. நான் மட்டும் சும்மா இருந்தா, ஏட்டையாவுக்குச் சுருக்குன்னு பட்டுட்டுன்னு நினைப்பாவளே, நாளைக்கு டீக்கடையில எப்படி உக்காரன்னு, நானும் அந்தச் சிரிப்பு மூஞ்சியை அமுக்கிட்டேன். கடைசியா அமுக்கினது நான்தான். அவனும் அந்தக் குரூப்லதான இருந்தான்? சாப்பிட உக்காந்தவன் போனைப் பார்த்தான், என்னையப் பார்த்தான். 'சிரிச்சீங்களாப்பா'ன்னு கேட்டான். அந்த ஒரு கேள்விதான். அம்மைட்ட பேசுதான். என்கிட்ட பேச்சு இல்ல. மூணு வருசமாச்சு, வீட்டுப்படி மிதிக்கல."

உள்ளேயிருந்து அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நான் கேட்கவில்லை.

"ஒருதடவை வந்துட்டுப் போனாப் போதும் சார். பேசக்கூட வேண்டாம். இங்கன உக்காந்து ஒருவாய் சோறு தின்னுட்டுப் போகட்டும்."

விழாவைப் பற்றி நான் கேட்காமலே திரும்பிவந்தேன். டீக்கடையில், "தேதி பார்த்துச் சொல்லுதாராம்" என்று பொய் சொன்னேன்.

சாரல் பிடித்த பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம். குடையை மடக்கிக்கொண்டு ஏட்டையா டீக்கடைக்கு வந்தார். மூன்று வருடத்தில் முதல்முறை. உள்ளே வழக்கம்போல வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் யாரையும் பார்க்காமல் என்னிடம், "சார், கொஞ்சம் இங்கன வாங்க" என்றார். தார்ப்பாய் ஓரத்தில் நின்று தன் செல்போனை நீட்டினார்.

மகனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். ஐந்தருவி. பெங்களூர் அணிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் தலைக்கு எண்ணெய் வழிய நிற்கிறார்கள். நடுவில் இவன், வாயெல்லாம் சிரிப்பு.

"காலையில குளிச்சிருக்கானுவ. மத்தியானமே அவனுவ பஸ்சு கிளம்பிட்டாம், அம்மைக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கான். ஐந்தருவியில இருந்து நம்ம வீட்டுக்கு எவ்வளவு நேரம் சார்? அரை மணி நேரம் இருக்குமா?"

"இருக்கும்."

"உடம்பு தேறிட்டான்" என்று படத்தைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கு மறைக்கல, கவனிச்சீங்களா? வேண்டாம்னா மறைச்சு வைக்கலாமாம்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லுது."

"ஆமா, மறைக்கலாம்."

"அப்போ இதுக்கு ஏதாவது போடணும். எதைப் போட? போன தடவை யோசிக்காம அமுக்கிட்டேன்."

திரையில் அந்தச் சின்னங்கள் வரிசையாக வந்து நின்றன. இதயம் போடுகிற ஆளில்லை அவர். கைதட்டினால் அவரும் ரசிகராகிவிடுவார். கட்டைவிரல், மேலதிகாரி ரிப்போர்ட்டைப் பார்த்த மாதிரி இருக்கும். அந்த மஞ்சள் சிரிப்பு, நான் பிரபலப்படுத்தியது, நடுநாயகமாக இருந்தது. பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"கைகூப்புறதைப் போடுங்க" என்றேன்.

ஏட்டையா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "பெத்த மகனையா கும்பிடச் சொல்லுதீங்க?"

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஈர விரலை வேட்டியில் துடைத்தார்.

"சரி. கும்பிடுதேன்" என்று, பத்திரத்தில் கைநாட்டு வைக்கிற மாதிரி அழுத்தி வைத்தார்.

உள்ளேயிருந்து பெயிண்ட் கடைக்காரர், "சார், ஃப்ளெக்ஸ் வாசகம் என்னாச்சு? 'நம் மண் தந்த கோட்டைச் சுவர்'னு போடலாமா?" என்று கத்தினார். "கோட்டையைக் கட்டினது யாருன்னும் கீழ போடும்வே" என்றார் பி.டி. வாத்தியார்.

ஏட்டையாவுக்கு டீ வந்தது. குடிக்காமல் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய கும்பிடுக்குக் கீழே இருந்த இரண்டு டிக்கும் நீலமாயின.

"நீலமாயிட்டு சார். அப்படின்னா?"

"பார்த்துட்டான்னு அர்த்தம்."

தலையாட்டிக்கொண்டார். மைதானத்தில் தண்ணீர் தேங்கும்வரை நாங்கள் நின்றோம். வேறொன்றும் வரவில்லை. டீயில் ஆடை படிந்திருந்தது. அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, ஆறிப்போனதை ஒரே மடக்கில் குடித்தார்.