துளைவாய் அகல்

பாவாயி தொடையில் பழந்துணியை வைத்துத் திரி உருட்டிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் பலகைக் கட்டிலில் கிடந்த புருஷன் சின்னன் மேல் போய்ப் போய் வந்தது. இடுப்பெலும்பு முறிந்தவனை அவ்வப்போது புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். புரட்டினால் அவன் கத்துவான். கத்தினாலும் புரட்டத்தான் வேண்டும்.

"எல்லாம் மூட்டை கட்டிட்டயா புள்ள? என்னையும் ஒரு மூட்டையாக் கட்டி ஜீப்புல ஏத்திரு," என்றான்.

"வாயி மட்டும் முறியலீங்க உங்களுக்கு."

அது தொண்ணூற்றாறாம் வருஷக் கோடை. நாகலூருக்கு மேலே, யாரோ எதற்கோ குடைந்துவிட்டுப் போன பழைய சுரங்கம் ஒன்று உண்டு. முந்தின மழையில் அங்கே பாறை சரிந்ததால், ஆராய்ச்சிக்காரர்கள் உள்ளே துளை போட்டு, முடி போன்ற கண்ணாடி இழையை விட்டுச் சிமெண்டால் பூசினார்கள். இழைக்குள் வெளிச்சம் அனுப்புவார்கள். பாறை இழையை நெருக்கினால் திரும்பி வரும் வெளிச்சம் மாறும். ஒரு பெட்டி அதைத் தாளில் கோடாகக் கீறும். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைத்துக் கூட்டுவது பாவாயியின் வேலை.

கொஞ்ச நாளாகக் கோடு ஏறிக்கொண்டே போயிற்று. மழைக்கு முன் கீழேயுள்ள வீடுகளைக் காலி செய்து ஜீப்பில் குப்பனூருக்கு இறங்கச் சொல்லிவிட்டார்கள். அந்த மலைப்பாதையில் குலுங்கினால் கூடிவரும் எலும்பு மறுபடி விலகும், அசைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். மூட்டை கட்டுவாள், அவிழ்ப்பாள், மறுபடி கட்டுவாள். பாவாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

துளை போட்ட வாரந்தான் சின்னன் பலாமரத்திலிருந்து விழுந்தான். சேர்வராயன் மலையில் சாமியிடம் உத்தரவு கேட்காமல் துளைத்த வினை என்று அவள் முடிவு கட்டினாள். அன்றிலிருந்து, பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் செல்வராஜ் கிளம்பியதும், துளைவாயில் இழையை மூடி நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயின் மேல் அகல் ஏற்றினாள். காலையில் அவர் வருமுன் எடுத்துவிடுவாள்.

திரியை மடியில் செருகிக்கொண்டு அன்று அவள் போனபோது செல்வராஜ் தாளை முறைத்துக்கொண்டிருந்தார்.

"பாவாயிம்மா, உங்க மலைக்குத் தூக்கமே இல்லை. பொழுது சாஞ்சா பதற ஆரம்பிக்குது."

"ஏனுங்க சார், நெருக்குனாத்தான் கோடு ஏறுமுங்களா?"

"சூடு பட்டாலும் ஏறும். ஆனா இவ்வளவு உள்ளே சூடு எங்கிருந்து வரும்? கோடையிலயே சில்லுனு இருக்கு. அதனால நாங்க அதைப் பார்க்கலை."

துடைப்பம் நின்றது. சொன்னால் வேலை போகலாம். விளக்கை நிறுத்தினால் சாமி கோபிக்கலாம். சொல்லாவிட்டால் ஜீப்பு. முதல் இரண்டும் ஒருவேளை, மூன்றாவது நிச்சயம். நிச்சயமானதை முதலில் தடுக்க வேண்டும்.

"சூடு நான் வெச்சதுங்க," என்று எண்ணெய்க் கறை படிந்த குழாயைக் காட்டினாள்.

செல்வராஜ் தொட்டு முகர்ந்தார். "என்னம்மா இது?"

"வெளக்கெண்ணெய்ங்க. மலைக்கு அகல் வெச்சேனுங்க."

"மலைக்கு வெச்சீங்களா, என் வேலைக்கு உலை வெச்சீங்களா!" கத்தித் தீர்த்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னிக்கு வைக்காதீங்க. காலையில பார்ப்போம். அப்பவும் ஏறியிருந்தா ஜீப்புதான்."

"சாமிக்குங்க?"

"வெளிய வைங்க. மலைக்குள்ள இருக்கிறவருக்கு வாசல் விளக்கு தெரியாமயா போயிரும்?"

வெளியே வைத்தாள். காற்றில் இரண்டு முறை அணைந்தது. இரண்டு முறையும் ஏற்றினாள்.

மறுநாள் காலை கோடு தாளில் நேராகப் படுத்திருந்தது. இன்னும் சில நாள் பார்ப்போம், அதுவரை யாரும் இறங்க வேண்டாம் என்றார் செல்வராஜ். வேலை போகவில்லை, திட்டுத்தான் இன்னொரு தடவை கிடைத்தது.

பாவாயி வீட்டுக்கு வந்து வெந்நீரில் சின்னனின் முதுகைத் துடைத்தாள். சுவர்ப்பக்கம் புரட்டினாள், அவன் கத்தினான். மூட்டைகளை அவிழ்த்தாள், சட்டியை அடுப்பில் ஏற்றினாள். கம்பளியும் மாத்திரையும் இருந்த மூட்டையை மட்டும் அவிழ்க்காமல் கதவோரம் வைத்தாள்.

"அதை ஏன் உட்டுட்ட?"

"மழை இன்னும் வரலீங்களே, வந்தப்புறந்தானுங்க தெரியும்," என்றவள், தண்ணீர் இறைக்கும் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்கு ஏறினாள்.