மரக்காணம் வழியாக மாமனார் வீடு

கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்துப் போன மாதம்தான் மாமனார் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. செஞ்சி மலைகளை ஒட்டிய ஜைனக் குடும்பம். எங்கள் கல்யாணத்துக்கு அங்கிருந்து ஒருத்தரும் வரவில்லை. மனைவி நந்தினி முந்தின நாளே போய்விட்டாள். "அஞ்சு மணிக்குள்ள வந்துடு, சாப்பாடு" என்று போனில் சொன்னாள். முதல் தடவை போகிறேன். வீட்டில் இருப்புக்கொள்ளாமல், கடலையும் மலையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று சென்னையிலிருந்து காலை எட்டு மணிக்கே மரக்காணம் பஸ் ஏறினேன்.

இறங்கி நடந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஆனால் அலையே இல்லை! உப்பளத்தில் வேலை செய்தவரிடம் கேட்டேன்.

"இது கடலு இல்லீங்க, கழுவேலி ஏரி. கடலு அந்தாண்ட கீது."

ஒருவழியாகக் கடலைக் கண்டுபிடித்தேன். வளைந்து கிடந்த கரை அழகுதான். கருவாடு விற்ற அம்மா எங்கே போகிறேன் என்று விசாரித்துவிட்டு, "மாமியார் வூட்டுக்கா? வாங்கிக்கினு போங்க" என்றார். நல்லவேளை, அந்த வில்லங்கத்தை வாங்கவில்லை.

திண்டிவனம் பஸ்ஸுக்கு மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பக்கம் கை காட்டினார்கள். குழம்பிப்போய் வந்ததில் ஏறினேன்.

"திண்டிவனமா? இது பாண்டிச்சேரி போவுதுங்க. கேட்டு ஏறக் கூடாதா?" என்றார் கண்டக்டர். கேட்டுத்தானய்யா ஏறினேன்!

திரும்பி வந்து, திண்டிவனம் போய், அங்கிருந்து செஞ்சி. இதற்குள் போனில் சார்ஜ் போய்விட்டது. செஞ்சியில் ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் கொடுத்து ஊர் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பாறைகளை அடுக்கிவைத்த மாதிரி இருக்கும் என்று நந்தினி சொன்ன மலைகளில் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டில் "வாங்க" என்றார்கள். உட்காரச் சொன்னார்கள். சாப்பாட்டுப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. இருட்டினால் இவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் முன்பே முடித்திருப்பார்கள், சரி. எனக்கும் ஒரு வாய் கிடையாதா? வேண்டாத மருமகன்தானா நான்? நந்தினி வேறு முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

பொறுக்க முடியாமல், "நீங்கள்லாம் சாப்பிட்டாச்சா?" என்று மாமியாரிடம் கேட்டுவிட்டேன்.

அவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார்தான் பதில் சொன்னார்.

"எல்லாம் செஞ்சு வெச்சுக்கினு வாசல்லயே பார்த்துக்கினு இருந்தோம். பொழுது போயிடுச்சு. இனிமே காலையிலதான்."

"எனக்காகவா? நீங்க சாப்பிட்டிருக்கலாமே!"

"மாப்பிள்ளைய விட்டுட்டு எப்படிங்க சாப்புடறது?"

கண் கலங்கிவிட்டது எனக்கு. இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: கடலை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேருங்கள். நான் பிந்தியதால் அன்றைக்கு அந்த வீட்டில் நாலு பேரும் பட்டினி. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் பட்டினி கிடந்ததே இல்லை.